கச்சான் ஓயட்டும், நாற்றை நடலாம்: வடசென்னை மாடித் தோட்டக் கேள்வி – பதில்

ஆடி மாதம் வந்தாலே கடிதங்கள் குவிந்துவிடும். இந்த முறை பாதிக் கடிதங்கள் முளைத்த நாற்று கருகியதைப் பற்றி, மீதி வரப்போகிற மழையைப் பற்றி. கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் அச்சடித்த பயிர் அட்டவணையை எண்ணூரிலோ தண்டையார்பேட்டையிலோ ஒட்டி வைத்துக்கொண்டு தவிப்பவர்கள்தான் அதிகம். இங்கே தேதியைவிடக் காற்றடிக்கும் திசை முக்கியம்.

கேள்வி: ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்களே என்று ஆடி முதல் தேதியே கத்தரி, மிளகாய், வெண்டை மூன்றும் போட்டேன். கத்தரியும் மிளகாயும் இரண்டிலை விட்டதும் கருகிவிட்டன. வெண்டை மட்டும் நிற்கிறது. விதை கோளாறா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: விதையில் கோளாறு இல்லை அம்மா, காற்றுதான் காரணம். சித்திரை, வைகாசியில் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டி உள்ளே வந்துவிடும். ஆடியில் கச்சான் என்கிற மேற்குக் காற்று ஓங்கி அடிப்பதால் கடற்காற்று மூன்று, நான்கு மணி வரை கரையேற முடியாமல் நிற்கும். அதுவரை உங்கள் மாடியில் அடிப்பது திருவள்ளூர்ப் பக்கத்துத் தரையில் சூடேறி வரும் வறண்ட காற்று. வெயில் 35, 36 டிகிரிதான், அக்னி நட்சத்திர அளவுக்கு இல்லை. ஆனாலும் காலையில் ஊற்றிய ஈரத்தைப் பதினோரு மணிக்குள் உறிஞ்சிவிடும். கத்தரி, மிளகாய் விதை சிறியது. முளைத்த வாரத்தில் வேர் மேல்மண்ணிலேயே இருக்கும். வெண்டை பெரிய விதை, ஆணிவேரை நேரே கீழே இறக்கிவிடும். அதனால்தான் அது பிழைத்தது.

கத்தரியையும் மிளகாயையும் நேரடியாகப் பையில் விதைக்காதீர்கள். குழித்தட்டில் நன்றாகக் கழுவிய தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் சம அளவு கலந்து நிரப்பி, குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். மேலே 50 சதவீத நிழல்வலை. மேற்குப் பக்கமும் அதே வலையைத் திரை மாதிரி தொங்கவிடுங்கள். தலைக்கு மேல் மட்டும் வலை கட்டி மேற்கைத் திறந்து விட்டால் பாதி வேலைதான் ஆனது. காலை ஆறு மணிக்கு ஒரு முறை, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு முறை பூவாளியில் தெளித்தால் போதும். கத்தரி 30 முதல் 35 நாளில், மிளகாய் 40 நாளில் நடவுக்கு வரும். நடுவதைக் கச்சான் ஓய்ந்த ஒரு மாலையில், ஐந்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் நாள் அக்டோபர் 20. அதற்குள் செடி பையில் ஒன்றரை மாதமாவது நின்று, தண்டு சற்று முற்றியிருந்தால்தான் அடைமழையைத் தாங்கும். செப்டம்பர் முதல் வாரம் நடவு என்றால் விதைப்பு ஜூலைக் கடைசியில், அதாவது ஆடி நடுவில். ஆக, பழமொழி தப்பில்லை. அது வயலுக்குச் சொன்னது; மாடிக்கு ஒரு வலையும் வேண்டும், அவ்வளவுதான். வெண்டை, கொத்தவரை, அவரை, புடலை, பீர்க்கு இவற்றை இப்போதே நேரடியாக ஊன்றலாம்.

கேள்வி: எங்கள் வீட்டு போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. மூன்று மாதம் நன்றாக வளரும் செடி பிறகு இலை ஓரம் தீய்ந்து நின்றுவிடுகிறது. பையின் வெளியே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. உரக்கடையில் ஜிப்சம் போடச் சொன்னார்கள்.
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: ஜிப்சம் களிமண் நிலத்தில் சோடியத்தை விலக்க உதவும். பைக்குள் சேர்ந்த உப்பை அது எங்கேயும் கொண்டுபோகாது. உப்பு கழுவித்தான் வெளியேறணும்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பேனா அளவுதான் இருக்கும். எண் 500-க்குள் என்றால் எதையும் வளர்க்கலாம். 500-ஐத் தாண்டினாலே பீன்ஸ், கேரட், முள்ளங்கி, வெங்காயம் முகம் சுளிக்கும். 1,000-ஐத் தாண்டினால் தக்காளி, கத்தரி, மிளகாயின் காய்ப்பு குறையும். 2,000-க்கு மேல் என்றால் பையில் காய்கறி வேண்டாம். தரையில் தென்னை, சப்போட்டா, வேம்பு வைக்கலாம். கடலோரமாக எண்ணூர், மீஞ்சூர் வரைக்கும் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுக் கதை. ஆழம் கூட்டிப் போர் போட்டால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் போடாதீர்கள்.

மூன்று மாதத்தில் ஏன் நிற்கிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. உங்கள் தண்ணீர் 1,500 என்று வைத்துக்கொள்வோம், அதாவது லிட்டருக்கு ஒன்றரை கிராம் உப்பு. 12 அங்குலப் பைக்குத் தினம் ஒன்றரை லிட்டர் ஊற்றினால் இரண்டேகால் கிராம் உப்பு உள்ளே போகிறது. தண்ணீரைச் செடியும் வெயிலும் குடித்துவிடும், உப்பு தங்கிவிடும். மாதத்துக்கு 67 கிராம், மூன்று மாதத்தில் 200 கிராம். அடியில் ஒழுகாமல் அளந்து ஊற்றுகிறவர் வீட்டில்தான் இது வேகமாகச் சேரும். சிக்கனம் இங்கே செடிக்கு எதிரி.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை பையைக் கழுவுங்கள். 12 அங்குலப் பையில் சுமார் 18 லிட்டர் மண்கலவை இருக்கும்; அதைப்போல இரண்டு மடங்கு தண்ணீரை, ஒரே மூச்சில் கொட்டாமல், ஒரு மணி நேரத்தில் நாலைந்து தவணையாக ஊற்றி அடியில் ஒழுகவிடணும். குடிநீர் வாரியத் தண்ணீரோ மழைநீரோ இருந்தால் சிறப்பு. இல்லாவிட்டால் அதே போர் தண்ணீரில் கழுவினாலும் ஓரளவு பலன் உண்டு, ஏனென்றால் பைக்குள் இருக்கும் ஈரம் அதைவிடப் பல மடங்கு உப்பாக இருக்கும். கழுவிய மறுநாள் மண்புழு உரம் இரண்டு கைப்பிடி மேலே தூவுங்கள். உப்போடு தழைச்சத்தும் போயிருக்கும்.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை வீணாக்காதீர்கள். அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரவு முழுக்க ஓடினால் ஒரு வாளி சேரும். போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் 1,500 என்பது 750 ஆகிவிடும். ஆனால் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் நேர் எதிர். போர் தண்ணீரின் உப்பையெல்லாம் திரட்டி வைத்திருக்கும் அதைச் செடிக்குக் காட்டவே கூடாது, தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை சராசரியாக 850 மில்லிமீட்டர் மழை. 12 அங்குலப் பையின் வாய்க்கு அது சுமார் 62 லிட்டர் ஆகிறது. ஏறத்தாழ இரண்டு தடவை கழுவியதற்குச் சமம், செலவில்லாமல். அதனால் மழைக்காலத்தில் எல்லாப் பைகளையும் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், காலிப் பைகளை நனையவிடுங்கள். கேரட், முள்ளங்கி, பீன்ஸ் மாதிரி உப்புத் தாங்காதவற்றைக் கார்த்திகைக் கடைசியில், கழுவப்பட்ட அந்தப் பைகளில் போடுங்கள். மாசிக்குள் எடுத்துவிடலாம். கோடைக்குக் கொத்தவரை, காராமணி, பீட்ரூட், தண்டுக்கீரை இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொத்தவரை உப்பைத் தாங்குவதில் காய்கறிகளில் முன்வரிசை.

கேள்வி: காசிமேட்டில் மீன் கழிவு சும்மாவே கிடைக்கிறது. நேரடியாக மண்ணில் புதைக்கலாமா?
– வாசகர், காசிமேடு

பதில்: பையில் புதைத்தால் புழு வைக்கும், பூனை கிளறும், பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள். மீன் அமிலமாக்குங்கள். குடலும் தலையும் ஒரு கிலோ என்றால் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, கடல் உப்பும் ஐஸ் உப்பும் போனபின் பொடித்த வெல்லம் ஒரு கிலோ சேர்த்துப் பிளாஸ்டிக் டப்பாவில் பாதியளவு நிரப்புங்கள். மூடி இறுக்கமாக இருக்கணும். முதல் பத்து நாள் தினம் ஒரு முறை மூடியைத் தளர்த்திக் காற்றை விட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் டப்பா வெடிக்கும். நிழலில் 25 முதல் 30 நாள். தேன் நிறத்தில் பழவாடை வந்தால் சரி. அழுகிய நாற்றம் வந்தால் வெல்லம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம், இன்னும் கால் கிலோ போடுங்கள். வடிகட்டி, லிட்டருக்கு 5 மில்லி இலையில் தெளிக்க, 10 மில்லி வேரில் ஊற்ற. பூக்கும் நேரத்தில் அளவு மீறினால் இலைதான் தழைக்கும்.

கேள்வி: "சென்னையில் மழை" என்று செய்தியில் சொல்கிறார்கள், வியாசர்பாடியில் சொட்டு விழவில்லை. "மழை இல்லை" என்கிற நாளில் கொட்டுகிறது. நம்பித் தண்ணீர் ஊற்றாமல் விட்டுச் செடி வாடியதுதான் மிச்சம்.
– வாசகர், வியாசர்பாடி

பதில்: செய்தியில் வரும் சென்னை அளவு பெரும்பாலும் நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் இருக்கும் மழைமானிகளுடையது. அதுவும் முந்தைய நாள் காலை எட்டரை முதல் இன்று காலை எட்டரை வரை பெய்தது. உங்கள் தெருவுக்கு அது சாட்சி ஆகாது.

ஆடி முதல் புரட்டாசி வரை நமக்கு வருவது இடிமழை. பகலில் உள்மாவட்டங்களில் திரளும் மேகம் சாயங்காலம் கச்சானோடு கிழக்கே நகர்ந்து, கடற்காற்றை முட்டும் இடத்தில் கொட்டும். ஒரு இடிமேகத்தின் அகலம் ஐந்து, பத்து கிலோமீட்டர்தான். மாதவரம் நனையும்போது ராயபுரம் காய்வது சகஜம். ஐப்பசி, கார்த்திகையில் கதை திரும்பிவிடும். மழை கடலிலிருந்து கொண்டல் என்கிற கீழைக்காற்றோடும் வாடை என்கிற வடகாற்றோடும் வரும், அதுவும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் அதிகம். ஆகவே இப்போது தண்ணீர் ஊற்றுவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மாலை மழை வந்தால் லாபம். ஐப்பசியில் விடிந்தபின் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் இருக்கும் டாப்ளர் ரேடாரின் படம் வானிலைத் துறையின் தளத்தில் அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. முன்னறிவிப்பு வாசகத்தைவிட அதை இரண்டு முறை அரை மணி இடைவெளியில் பார்ப்பது பயன் தரும். மேகத்திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். சொற்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர், மிக கனமழை 12 முதல் 20, அதற்கு மேல் அதி கனமழை.

சொந்தமாக ஒரு மழைமானி வைக்க ஐந்து ரூபாய்கூட வேண்டாம். அடி முதல் வாய் வரை ஒரே அகலமாக இருக்கிற தட்டையான அடியுள்ள டப்பா, ஒரு அளவுகோல். சுவரிலிருந்து தள்ளித் திறந்தவெளியில் வைத்துக் காலை எட்டரைக்கு அளந்து குறியுங்கள். 10 மில்லிமீட்டர் தேறினால் அன்று எந்தப் பைக்கும் தண்ணீர் வேண்டாம். 3 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் இலைதான் நனைந்திருக்கும், வேருக்கு எட்டியிருக்காது. உங்கள் செடி வாடியது இந்த ஏமாற்று மழையில்தான்.

கேள்வி: எங்களுடையது ராயபுரத்தில் தாத்தா காலத்து வீடு, மெட்ராஸ் டெர்ரஸ் கூரை. மாடியில் நாற்பது பை வைக்கலாமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: வைக்க வேண்டாம். தேக்கு உத்திரங்களின் மேல் செங்கலைக் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, மேலே தட்டோடு பதித்த கூரை அது. பாரத்தைவிட ஈரம்தான் அதற்கு எமன். பைக்கு அடியில் நாள் முழுக்க ஈரம் நின்றால் சுண்ணாம்பு வழியே கசிந்து உத்திரம் சுவரில் அமரும் முனை உளுத்துப்போகும். வெளியே எதுவும் தெரியாது, ஒருநாள் உட்காரும்.

இன்றைய கான்கிரீட் தளத்துக்கே, ஆள் ஏறும் மட்டக் கூரை என்றால் இந்தியத் தர விதிப்படி கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. நனைந்த 12 அங்குலப் பை 20 கிலோ, 15 அங்குலப் பை 40 கிலோ. பெரிய பைகள் நாலைச் சேர்த்து வைத்தாலே எல்லைக்கு மேல். உங்கள் கூரைக்கு அந்தக் கணக்குகூடப் பொருந்தாது. பத்துப் பன்னிரண்டு சிறிய பைகளை, தடித்த சுவருக்கு நேர் மேலே கைப்பிடிச் சுவரை ஒட்டி, இரும்பு ஸ்டாண்டில் தரையிலிருந்து அரை அடி உயர்த்தி, ஒழுகும் நீரைக் குழாயில் வடிகாலுக்குக் கொண்டுபோக முடியுமானால் செய்யுங்கள். அதற்கு முன் பழைய வீடு பழக்கமுள்ள கொத்தனாரை அழைத்து உத்திர முனைகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் முற்றத்திலும் தாழ்வாரத்திலும் வையுங்கள்.

கேள்வி: சொந்த ஊர் பெரம்பூர். இப்போது சிகாகோவில் மகள் வீட்டில் இருக்கிறேன். மே கடைசியில் போட்ட பந்தல் அவரை இரண்டாள் உயரம் ஏறிப் பச்சைப் பசேலென்று நிற்கிறது, ஒரு பூ இல்லை. எரு போதவில்லையா?
– வாசகி, சிகாகோ

பதில்: எருவை நிறுத்துங்கள் அம்மா, அதற்கு வயிறு நிறைந்துதான் இருக்கிறது. பந்தல் அவரை இரவு நீண்டால் பூக்கிற பயிர். நம் ஊரில் ஆடியில் போட்டு, பகல் சுருங்கும் ஐப்பசி, கார்த்திகையில் பூவெடுத்து, தைப் பொங்கலுக்குக் காய் பறிக்கிறோம். சென்னையில் வருஷத்தின் மிக நீண்ட பகலே பதின்மூன்று மணி நேரத்தைத் தொடாது. சிகாகோவில் ஜூனில் பகல் பதினைந்து மணி நேரத்துக்கு மேல். அங்கே பகல் பன்னிரண்டு மணியாகக் குறைய செப்டம்பர் கடைசி வாரம் ஆகும். அப்போது உங்கள் கொடி பூக்கத் தொடங்கும்; அக்டோபர் நடுவிலிருந்தே உறைபனி எதிர்பார்க்கலாம், ஒரே இரவில் கொடி கறுத்துவிடும். பிஞ்சு கிடைத்தால் அதிர்ஷ்டம்.

தொட்டியில் இருக்கும் குட்டைச் செடி என்றால் மாலை ஆறிலிருந்து காலை எட்டு வரை கறுப்புத் துணியால் மூடி மூன்று வாரம் ஏமாற்றலாம். இரண்டாள் உயரக் கொடிக்கு அது நடக்காது. அழகுக்கு விட்டுவிடுங்கள். வேறிடத்தில் இப்போதே முளைக்கீரை போடுங்கள், அந்த ஊர்ச் சூட்டில் 25 நாளில் வந்துவிடும். ஆகஸ்ட் நடுவில் வெந்தயக்கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி. அவை நமக்கு மார்கழிப் பயிர், அங்கே செப்டம்பர்ப் பயிர்.

அடுத்த ஆண்டுக்கு: பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் இரண்டும் பகல் நீளம் பார்க்காத செடி அவரை. அந்த மாதிரி ரகம் அங்கே விற்பனையில் கிடைத்தால் வாங்குங்கள். பெட்டியில் விதை எடுத்துப்போகாதீர்கள். பயிர்நலச் சான்று இல்லாத விதையை விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள், கறிவேப்பிலைக்கும் அங்கே தடை உண்டு. புடலை, பாகல், கத்தரி இவற்றை ஏப்ரல் நடுவில் வீட்டுக்குள் ஜன்னலோரம் முளைக்க வைத்து, மே நடுவுக்குப் பின், மண் தொட்டால் சில்லென்று இல்லாத நாளில் வெளியே நடச் சொல்லுங்கள். மிச்சிகன் ஏரியை ஒட்டிய வீடு என்றால் இன்னும் ஒரு வாரம் பொறுக்கணும். வசந்தத்தில் ஏரிக்காற்று கரையோரத்தைக் குளிர வைத்திருக்கும், காசிமேட்டுக் கடற்காற்றுக்குக் குளிர் நாட்டு அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். முருங்கை அங்கே வெளியே குளிர்காலம் தாண்டாது. பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை போகிற ஊர். ஒன்று மிக முக்கியம்: பழைய வீடுகளைச் சுற்றிய மண்ணில் அந்தக் காலப் பெயிண்டின் ஈயம் கலந்திருக்கும். கீரையைத் தரையில் போடாமல் வாங்கிய மண் நிரப்பிய பலகைப் பாத்தியில் போடுங்கள்.

கேள்வி: இலையெல்லாம் சாம்பல் படிகிறது. சாம்பல் செடிக்கு உரம்தானே என்று விட்டுவிட்டேன். சரியா?
– வாசகி, எர்ணாவூர்

பதில்: சரியில்லை. உரமாவது விறகு அடுப்புச் சாம்பல், அதில் சாம்பல் சத்து உண்டு. அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரித்த சாம்பல் வேறு. அதில் ஆர்சனிக், ஈயம் போன்ற கன உலோகங்கள் இருக்கும். இலைமேல் படிந்தால் வெளிச்சத்தை மறைக்கும், இலைத்துளைகளை அடைக்கும். வாரம் இரண்டு முறை காலையில் இலையின் இரு பக்கமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், மாலையில் கழுவினால் ஈரம் நின்று பூஞ்சணம் வரும். தரை மண்ணை எடுக்காமல் வெளியிலிருந்து வாங்கிய செம்மண்ணைப் பையில் நிரப்புங்கள். கீரையைவிடத் தோல் சீவிச் சமைக்கிற சுரை, பீர்க்கு, புடலை உங்கள் இடத்துக்கு ஏற்றவை. கீரை போட்டே ஆகணும் என்றால் மேலே வலை, பறித்தபின் மூன்று தண்ணீர். கார்த்திகையில் வாடை திரும்பினால் வடக்கே புகைபோக்கிகள் பக்கமிருந்து காற்று உங்கள் மேல் வரும், அந்த மூன்று மாதம் கூடுதல் கவனம் வேண்டும்.

கேள்வி: தக்காளியில் பூ கொத்துக் கொத்தாக வருகிறது, எல்லாம் காம்போடு உதிர்கிறது.
– வாசகர், மாதவரம்

பதில்: தவறான மாதத்தில் பூத்திருக்கிறது. பகலில் 35 டிகிரி தாண்டினால் மகரந்தம் செத்துவிடும். இரவில் 24-க்குக் கீழே இறங்காவிட்டாலும் காய் பிடிப்பது அரிது. மே மாதம் நம் ஊர் இரவே 28 டிகிரி. மாதவரம் கடலிலிருந்து உள்ளே தள்ளியிருப்பதால் கடற்காற்று இன்னும் தாமதமாக வரும். மருந்து தெளித்துப் பணத்தை விரயம் செய்யாதீர்கள். ஐப்பசித் தொடக்கத்தில், மழை படாத தாழ்வாரத்தில் குழித்தட்டில் விதையுங்கள். 25 நாளில் பைக்கு மாற்றினால் மார்கழியில் பூக்கும். ஜனவரி இரவு 21 டிகிரிக்கு இறங்கும், அதுதான் தக்காளிக்கு நம் ஊர் தரும் சலுகை. பூத்த நாட்களில் காலை பத்து மணிக்குக் கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். மாசியில் வெள்ளை ஈ வந்து இலை சுருட்டும், அதற்குள் பெரும்பகுதி பறித்திருக்க வேண்டும்.

கேள்வி: 2023 மிக்ஜாம் புயலில் பாதிச் செடி போயிற்று. காற்றில் போனது கொஞ்சம், தண்ணீர் வடிந்தபின் வாடிச் செத்தது அதிகம். இந்த வருஷம் என்ன முன்னேற்பாடு?
– வாசகர், கொடுங்கையூர்

பதில்: மிக்ஜாம் கரையேறியது ஆந்திரத்தில், பாபட்லா அருகே. நம்மைக் கெடுத்தது அது டிசம்பர் 3, 4 தேதிகளில் கரைக்கு இணையாக மெல்ல நகர்ந்ததுதான். 2016 வர்தா நேரே சென்னையிலேயே ஏறியது, அது காற்றுப் புயல். ஆகவே இரண்டுக்கும் தயாராக இருக்கணும்.

தண்ணீர் வேலையைப் புரட்டாசியிலேயே முடியுங்கள். ஒவ்வொரு பையையும் இரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள். அடித்துளைகள் மண்ணில் அடைத்திருக்கும், கம்பியால் குத்தித் திறவுங்கள். அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் பக்கவாட்டில் நாலு துளை கூடுதலாகப் போட்டால் அடித்துளை அடைத்தாலும் வடியும். பைக்கு அடியில் வைத்த தட்டுகளை எடுத்துவிடுங்கள்; வேர் அழுகுவது ஒரு பக்கம், தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு பத்து நாளில் பறக்கும். மாடி வடிகால் வாயில் கம்பி வலைக் கூடை மாட்டுங்கள். நார்க்கழிவும் இலையும் அதை அடைத்தால் மாடியே குளமாகும், 500 சதுர அடித் தளத்தில் 10 சென்டிமீட்டர் மழை என்பது 4,600 லிட்டர்.

புயல் எச்சரிக்கை வந்ததும் முதல் வேலை நிழல்வலையை அவிழ்ப்பது. அது பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துச் சட்டத்தையே பிடுங்கும், பறந்துபோன சட்டம் யார் தலையில் விழுமோ. தொங்கும் தொட்டிகளைக் கீழே இறக்குங்கள். உயரமான செடிகளைப் பையோடு சாய்த்துப் படுக்க வைக்கலாம், இரண்டு நாளில் ஒன்றும் ஆகாது. காற்று பெரும்பாலும் வடக்கு, வடகிழக்கிலிருந்து தொடங்கும் என்பதால் வடக்குக் கைப்பிடிச் சுவரின் மறைவில் பைகளை நெருக்கி வையுங்கள். புயல் தலைக்கு மேலேயே கடந்தால் நடுவில் சற்று அமைதியாகி, பிறகு தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். அந்த அமைதியில் மாடி ஏறிப் பார்க்கிற ஆர்வம் வேண்டாம்.

வடிந்தபின் வாடியதற்குக் காரணம், ஊறிய மண்ணில் காற்றில்லாமல் வேர் செத்ததுதான். வாடுகிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றியிருந்தால் கதை முடிந்தது. மழை நின்றதும் கடல் உப்பு போக நல்ல தண்ணீரில் இலையை ஒரு முறை கழுவுங்கள். மேல்மண்ணை ஒரு அங்குலம் கிளறிவிடுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நல்ல பூஞ்சணப் பொடியை லிட்டருக்கு 10 கிராம் கரைத்துப் பைக்கு அரை லிட்டர் ஊற்றுங்கள். அதோடு காப்பர் மருந்து எதையும் சேர்க்காதீர்கள், நல்ல பூஞ்சணமும் செத்துவிடும். ஒரு வாரம் எந்த உரமும் வேண்டாம். புதுத் துளிர் வந்தபின் மண்புழு உரம் போடுங்கள்.

கேள்வி: பொங்கல் சமயத்தில் பூசணி, அவரை இலையில் வெள்ளைப் பொடி பூசியதுபோல் வருகிறது. போகிப் புகையாலா?
– வாசகி, கொளத்தூர்

பதில்: போகிமேல் பழி போட ஆசைதான், ஆனால் இது சாம்பல் நோய்ப் பூஞ்சணம். பகல் காய்ந்தும் இரவு பனி ஈரமாகவும் இருக்கும் தையில் பெருகும். அடி இலைகளைக் கிள்ளி அகற்றிக் காற்றோட்டம் கொடுங்கள். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் மாலையில் தெளிக்கலாம். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தால் இலை தீயும்.

கேள்வி: மல்லிச் செடியை எப்போது கவாத்து செய்வது? இலையும் மஞ்சளாக இருக்கிறது.
– வாசகி, பெரம்பூர்

பதில்: நவம்பர்க் கடைசியில் செய்யச் சொல்வார்கள். நம் பக்கம் அப்போது மழை உச்சத்தில் இருக்கும், வெட்டிய முனைகள் அழுகும். மழை ஓய்ந்த மார்கழி நடுவில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள், காய்ந்த குச்சியையும் உள்பக்கம் பின்னியதையும் எடுங்கள். பத்து நாள் தண்ணீரைக் குறைத்து, பிறகு மக்கிய சாண எரு இரண்டு கிலோவும் வேப்பம் புண்ணாக்கு 100 கிராமும் வைத்து நிறைய ஊற்றுங்கள். மாசிக் கடைசியில் மொட்டு வரும், தினம் ஆறு மணி நேர வெயில் இருந்தால். நரம்பு பச்சையாகவும் இடையே மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மாலையில், இலையில் தெளியுங்கள். முழு இலையும் ஒரே மஞ்சளாக இருந்தால் அது தழைச்சத்துக் குறைவு, அதற்கு அன்னபேதி வேண்டாம், எருவே போதும்.